எங்கள் குழுவில் விரல் தூக்கக் கூடாது

யாழ்ப்பாணத்தில் ஜாஸ் வாசிப்பவர்களுக்குத் தொழிலில் இரண்டு தொல்லைகள்: முதலில் அது என்னவென்று விளக்க வேண்டும், விளக்கிய பிறகு வாசித்தும் காட்ட வேண்டும்.

மேடை ஏறி எதையாவது பாடியோ பேசியோ வாசித்தோ அவதிப்பட்டவர்களே, நீங்களெல்லாம் எனக்குச் சொந்தக்காரர். உங்களுக்குச் சொன்னால் விளங்கும். முன்வரிசையில் ஒருவர் விடுகிற கொட்டாவி மேடையிலிருந்து எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நாங்கள் ஏழு பேர். இன்றைய ஜாஸ் எங்களுக்கு வராது. நாங்கள் வாசிப்பது, அந்த இசை பிறந்த துறைமுக நகரத்தின் தெருக்களிலும் நடனக் கூடங்களிலும் நூறு வருடங்களுக்கு முன் வாசிக்கப்பட்ட முதல் ஜாஸ். ட்ரம்பெற் ஒரு மெட்டைச் சொல்லும். கிளாரினெற் அதைச் சுற்றிச் சுற்றி ஓடும். ட்ரொம்போன் கீழே நின்று முணுமுணுக்கும். மூன்றும் ஒரே நேரத்தில், ஆளுக்கு ஒரு கதை. அவை விழாமல் நிற்க பாஞ்ஜோ, ரியூபா, ட்ரம்ஸ், பியானோ என்று நாங்கள் நான்கு பேர் நிலமாக இருக்க வேண்டும். பியானோ நான். எழுபதைத் தாண்டியவள், ஆங்கில இலக்கியம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். குழுவில் எல்லாருக்கும் நான் ‘ரீச்சர்’.

குழுவைத் தொடங்கியவர் குலம். பாரிசில் ஓர் உணவகத்தின் சமையலறையில் நெடுங்காலம் வேலை செய்தவர். அங்கே ஞாயிறு மத்தியானங்களில் வாசிக்க வந்த வெள்ளைக் கிழவர்களிடம் ட்ரம்பெற் பழகிக்கொண்டு ஊர் திரும்பினார். ஒருநாள் என் வீட்டு முன்கூடத்தில் என் பியானோவைக் கண்டார். அன்றிலிருந்து அந்தக் கூடம் என்னுடையது அல்ல.

இனி என் தொல்லையைச் சொல்லிவிடுகிறேன். இந்த இசையில் பியானோவின் இடக்கைக்குக் கால்களின் வேலை. அடியில் ஒரு சுரத்தை மிதித்து, எம்பி, நடுவில் ஒரு கூட்டுச் சுரத்தைத் தொட்டு, திரும்பவும் அடிக்குப் போக வேண்டும். மழைவெள்ளம் நிற்கிற ஒழுங்கையைக் கல்லில் கால் வைத்துத் தாண்டுவதுபோல. போன மழைக்காலத்தில் வந்த மூட்டுக்காய்ச்சல் என் இடக்கைச் சுட்டுவிரலை மடங்காமல் செய்துவிட்டுப் போய்விட்டது. மற்ற விரல்களும் எந்த நேரம் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. தை மாதக் கச்சேரியில் மற்றவர்கள் எல்லாரும் வாத்தியத்தை இறக்கிவிட, பியானோ மட்டும் தனியாக ஒரு சுற்று வாசிக்கிற இடம் ஒன்று இருந்தது. அந்த இடத்தில் கை நின்றால் பியானோவை மூடிவிடுவது என்று நான் எனக்குள் முடிவு செய்திருந்தேன். என் கணவர் காலமான பிறகு, மகளும் ரொறன்ரோவுக்குப் போன பிறகு, அந்த வீட்டில் என்னோடு கதைக்கிற ஒரே சாமான் அது.

நிர்வாகசபைக் கூட்டம்

உரும்பிராயில் ஒரு மண்டபம் கேட்டுப் போயிருந்தோம். பொறுப்பாளர் நல்ல மனிதர். தோட்டத்திலிருந்து நேரே வந்திருந்தார்; காலில் செம்மண் காயவில்லை. “பாடுறது ஆர்?” என்று கேட்டார். பாட்டு இல்லை என்றோம். “அப்ப ஆடுறது?” ஆட்டமும் இல்லை என்றோம். அவர் எங்களை இரக்கத்துடன் பார்த்தார். விளக்கிக் களைத்துப்போன குலம், “ஐயா, ஒருக்கா வந்து கேளுங்கோவன்” என்று எங்கள் ஒத்திகைக்கு அழைத்து வந்துவிட்டார்.

மனிதர் என் முன்கூடத்தில் கதிரை நுனியில் இருந்து முழுவதையும் கேட்டார். ட்ரம்பெற்றைப் பார்ப்பார்; அதற்குள் கிளாரினெற் குறுக்கே விழும்; அங்கே திரும்புவார்; ட்ரொம்போன் உறுமும். தேத்தண்ணி ஆறிப்போனது. முடிந்ததும் ஆறிய தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு சொன்னார்: “எல்லாரும் ஒரே நேரத்திலை கதைக்கிறியள், ஒருத்தரும் மற்றவருக்கு விட்டுக் குடுக்கிறியள் இல்லை. அப்பிடியே எங்கடை நிர்வாகசபைக் கூட்டம். ஒரு வித்தியாசம் தான் தம்பி, உங்கடையிலை கடைசியிலை ஒரு முடிவு வருது.”

றப்பர் கிண்ணம்

அந்தக் காலத்து ட்ரம்பெற்காரர் சிலர் வாத்தியத்தின் வாயை ஒரு றப்பர் கிண்ணத்தால் மூடியும் திறந்தும் வாசித்தார்கள். அப்படிச் செய்தால் ட்ரம்பெற் மனிதக் குரலில் அழும், கெஞ்சும், சிணுங்கும். அந்தக் கிண்ணம் வேறொன்றும் அல்ல. கக்கூஸ் அடைப்பு எடுக்க வைத்திருக்கிறோமே, தடி பூட்டிய றப்பர், அதேதான். தடியைக் கழற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

குலம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள இரும்புக் கடைக்கு ட்ரம்பெற்றையும் கொண்டு போனார். நானும் கூடப் போனேன்; போயிருக்கக் கூடாது. ஒவ்வொரு கிண்ணமாக எடுத்துத் தடியைக் கழற்றி, ட்ரம்பெற் வாயில் பொருத்தி, ‘வா… வா…’ என்று ஊதிப் பார்த்தார். வீதியில் போன சனம் நின்றது. நான் ஆணிப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று எனக்குச் சம்பந்தமில்லாதது போலப் பூட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் நெடுநேரம் பொறுத்தார். கடைசியில் மெதுவாகக் கேட்டார்: “அண்ணை, உங்கடை வீட்டுக் குழாய் உதுக்குப் பதில் சொல்லுமோ?”

அந்தக் கிண்ணத்துடன் முதன்முதல் வாசித்த அன்று, ட்ரம்பெற் ஒரு தாயைத் தேடுகிற கன்றுபோல அழுதது. எனக்கே கண் கலங்கியது. முடிந்ததும் முன்வரிசையிலிருந்த வெள்ளைச் சேலை அம்மா ஒருவர் மேடை அருகில் வந்து கிண்ணத்தைச் சுட்டிக்காட்டினார். அவர் கேட்பதற்கு முன்பே குலம், “புதுசு அம்மா, கடையிலையிருந்து நேரை வந்தது” என்றார். அம்மா தலையாட்டினார். “அது புதுசு தான் தம்பி. என்ரை நினைப்பெல்லோ பழசு.”

பின்பலகையில் கணேஸ்

ட்ரொம்போன் வாசிக்கும் கணேஸ் காங்கேசன்துறைக்காரர். கப்பலில் வேலை செய்த காலத்தில், ஏதோ ஒரு துறைமுகத்தில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியதுதான் அந்த ட்ரொம்போன். நீட்டி இழுக்கிற வாத்தியம் ஆனதால் அவருக்கு முன்னால் ஆர் இருந்தாலும் பிடரியில் இடிவிழும். முதல் ஜாஸ்காரர்களும் வண்டியில் ஊர்சுற்றி வாசித்தபோது ட்ரொம்போன்காரரை வண்டியின் கடைசியில், பின்பலகையை ஒட்டி இருத்தினார்களாம், குழாய் வெளியே போய் வரட்டும் என்று. காங்கேசன்துறையில் ஒரு வாசிகசாலை ஆண்டுவிழாவுக்கு பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் எங்களை ஏற்றியபோது நாங்களும் அதையே செய்தோம். பியானோவை ஏற்ற முடியாததால் என் கையில் ஒரு கிலுக்கைத் தந்து மூலையில் இருத்திவிட்டார்கள்.

வாசித்துக்கொண்டே கடற்கரைப் பக்கம் திரும்பியபோது ஓர் ஒழுங்கை வந்தது. கணேசின் வீடு இருந்த ஒழுங்கை. யுத்தத்தால் நெடுங்காலம் இராணுவம் போக விடாத இடம்; இப்போது போகலாம். வீடு இல்லை. கிணறு இருக்கிறது. அந்த இடத்தில் கணேஸ் மெட்டை விட்டுவிட்டு, குழாயை முழு நீளத்துக்கு வெளியே தள்ளி, அடிவயிற்றிலிருந்து ஒரு சுரத்தைப் பிடித்தார். விடவில்லை. நாங்கள் அவருக்காக அந்தச் சுரத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்தோம். லாண்ட்மாஸ்டர் ஓட்டுபவர்கூட வேகத்தைக் குறைத்துவிட்டார்.

எங்களுக்குப் பின்னால், மனைவியைப் பின்சீற்றில் ஏற்றிய ஒருவர் மோட்டார்சைக்கிளில் முந்தப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் உள்ளே போனால் முறுக்குவார். வெளியே வந்தால் பிறேக் பிடிப்பார். இந்த நீண்ட சுரத்துக்கு அவர் காலை ஊன்றி நின்றேவிட்டார். கணேஸ் மூச்சு வாங்க நிறுத்தியதும் கத்தினார்: “அண்ணை, உள்ளை போறியளோ வெளியிலை வாறியளோ, ஒண்டைச் சொல்லிப்போட்டு வாசியுங்கோ!” கணேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

கெட்டிமேளம்

எங்கள் ட்ரம்ஸ்காரர் பாலன் தவில்காரர் வீட்டுப் பிள்ளை. நடக்கப் பழக முன்னரே கலியாண வீடுகளுக்குப் போனவர். ட்ரம்ஸ் அவருக்கு ஒரு கிழமையில் வந்துவிட்டது. வராதது ஒன்றுதான்: மறதி.

கலியாண வீட்டில் தாலி கட்டுகிற நேரம் பெரியவர் ஒருவர் சுட்டுவிரலை உயர்த்தி மேளக்காரரைப் பார்த்து ஆட்டுவார். அதுவரை ஓடிய ராகம், தாளம் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தவில் முழுவேகத்தில் கொட்ட வேண்டும். அந்த நேரத்தில் ஆரும் தும்மினாலும், அழுதாலும், ஒரு பொல்லாத சொல் சொன்னாலும் வெளியே கேட்கக் கூடாது. கேட்கக் கூடாத ஒன்றை மூடுவதற்குத்தான் கெட்டிமேளம்.

இப்போது எங்கள் பக்கம். மெட்டு முடிகிற நேரம் ‘இன்னும் ஒரு சுற்று’ என்று காட்ட, குழுத்தலைவர் சுட்டுவிரலை உயர்த்துவார். பாரிசில் அப்படித்தானாம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரின் அறுபதாவது பிறந்தநாள். ஒரு கலியாண மண்டபம்; காலையில் நடந்த கலியாணத்தின் பூவாசம் இன்னும் போகவில்லை. நாங்கள் மெல்லிய, சோகமான ஒரு மெட்டை வாசித்துக்கொண்டிருந்தோம். குலம் விரலை உயர்த்தினார். அடுத்த கணம் பாலனின் பக்கத்திலிருந்து இடி இறங்கியது. கணேஸ் பயந்து எழும்பிவிட்டார். சனம், பழக்கதோசத்தில், அதுவும் எழும்பிவிட்டது. பெண்கள் கை நீட்டி அட்சதை தேடினார்கள். ஆரோ ஒருவர் மேசையிலிருந்த பூவிதழ்களை அள்ளி எறிய, குலத்தின் வழுக்கைத் தலையில் ஒரு ரோசா இதழ் ஒட்டிக்கொண்டது.

முடிந்ததும் குலம் அவரைப் பிடித்துக்கொண்டார். “பாலன், என்ன வேலை பாத்தனீர்?” பாலன் குச்சிகளைத் துடைத்தபடி சொன்னார்: “விரலைக் கண்டால் என்ரை கை கேளாது அண்ணை. தாலி கட்டிற யோசனை இல்லையெண்டால் விரலைத் தூக்காதேங்கோ.”

கைக்குப் பதில் கால்

அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு சட்டம்: எவரும் எக்காரணம் கொண்டும் மேடையில் விரல் தூக்கக் கூடாது. தலை சொறிவதானாலும் முழுக்கையால் சொறிய வேண்டும். கிளாரினெற் வாசிக்கும் சுதா ஒருமுறை மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட ஒற்றை விரலைக் கொண்டுபோக, பாலன் குச்சியைப் பாதி ஓங்கிவிட்டார்.

விரலுக்குப் பதிலாக இனிக் காலைத் தூக்குவது என்று குலம் சொன்னார். பழைய ஜாஸ்காரர் பலர் அப்படியும் செய்தவர்கள்தான். அடுத்த கச்சேரியில் கடைசிச் சுற்றுக்கு வலக்காலை முழங்கால் உயரத்துக்கு நீட்டினார், சனத்தை நோக்கி. முன்வரிசை நடுவில் ஓய்வு பெற்ற அதிபர் ஒருவர், மடியில் மடித்த சால்வையுடன் இருந்தார். சப்பாத்து அவருடைய மூக்குக்கு நேரே. அவர் அசையவில்லை. மெட்டு முடிந்து கைதட்டல் எல்லாம் ஓய்ந்த பிறகு, வகுப்பில் பெயர் கூப்பிடுகிற குரலில் கேட்டார்: “ஏன் தம்பி, கைதட்டாட்டி உதைக்கிற யோசனையோ?”

இடக்கைக்கு என்ன வேலை

விரல் சட்டத்தை மீறியது நான்தான். என் சட்டமீறலுக்குக் காரணம் காய்ச்சல் என்பதால் குழு மன்னித்தது. மற்ற விரல்கள் கட்டைகளில் இறங்கும்போது சுட்டுவிரல் மட்டும் கேள்வி கேட்க எழும்பிய பிள்ளைபோல விறைத்து நிற்கும். ஒத்திகையில் பாலனின் கண்ணில் படாமல் இருக்க, நான் பியானோவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். காலையில் சுடுதண்ணீரில் கையை வைத்து, நல்லெண்ணெய் பூசி, ஒவ்வொரு விரலாகக் கெஞ்சுவேன். வீட்டில் ஆளில்லாதவர்களுக்கு விரல்களுடன் கதைப்பது ஒன்றும் புதினமல்ல.

தனிச்சுற்றை பாஞ்ஜோவுக்குக் கொடுக்கும்படி குலத்திடம் கேட்டேன். “அது உங்கடை இடம் ரீச்சர்” என்றார். மகள் தொலைபேசியில், “அம்மா, உந்த வயதிலை என்னத்துக்கு? காணும், விடுங்கோ” என்றாள். வைத்தியரிடம் போனேன். இளம்பிள்ளை, கையை அன்பாகப் பிடித்து, விரலை அழுத்தி, நெருப்பு வைத்ததுபோல் நான் துடித்ததைப் பார்த்து, மாத்திரை எழுதினார். “இது முந்தி மாதிரி மடங்குமோ டொக்டர்?” என்றேன். அவர் என்னைத் தேற்ற நினைத்தார், பாவம். “ஏன் அம்மா கவலைப்படுறியள்? சோறு சாப்பிடுறது வலக்கையாலை தானே. இடக்கைக்குப் பெரிசா என்ன வேலை?”

தை மாதக் கச்சேரி

மண்டபம் நிரம்பியிருந்தது. மேடையில் பியானோவைச் சுவர்ப்பக்கம் திருப்ப முடியவில்லை. என் கை பாலனுக்கு நேரே தெரிகிற மாதிரி வைத்துவிட்டார்கள். வெள்ளைச் சேலை அம்மா வந்திருந்தார். அதிபர் இம்முறை மூன்றாம் வரிசைக்குப் பின்வாங்கியிருந்தார். றப்பர் கிண்ணம் அழுதது, கணேஸ் ஒருவரையும் இடிக்கவில்லை, சனம் கால் தட்டியது. பிறகு அந்த இடம் வந்தது. குலம் ட்ரம்பெற்றை இறக்கினார். ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். நான் தனியே.

பாதிச் சுற்று வரை கை நடந்தது. நன்றாகவே நடந்தது, அதுதான் கொடுமை. கொஞ்சம் நம்பிவிட்டேன். பிறகு, அடிச்சுரத்திலிருந்து எம்பிய கை இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. நடுவிரலும் அதற்கு அடுத்ததும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. இடக்கை அந்தரத்தில் நின்றது. துணை இல்லாமல் போக வெட்கப்பட்டதுபோல் வலக்கையும் நின்றது. மின்விசிறிகளின் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு குழந்தை, “முடிஞ்சுதே அம்மா?” என்று கேட்டது. ஓம் பிள்ளை, முடிஞ்சுது, என்று நான் எனக்குள் சொன்னேன்.

மற்ற விரல்கள் எல்லாம் வலியில் சுருண்டுவிட, மடங்காத சுட்டுவிரல் மட்டும் மேடை விளக்கில் நிமிர்ந்து நின்றதாம். நான் பார்க்கவில்லை. பாலன் பார்த்தார்.

கெட்டிமேளம் விழுந்தது. என் வாழ்க்கையில் எனக்காக அது விழுந்தது இரண்டாவது தடவை. குலம் ட்ரம்பெற்றைத் தூக்கினார். சுதா, கணேஸ், எல்லாரும் ஆளுக்கொரு கதையுடன் உள்ளே பாய்ந்தார்கள். சனம் எழும்பிவிட்டது. வெறுங்கைகள் காற்றை அள்ளி எறிந்தன. ஒரு பெண் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தைக் கழற்றி வீச, அது ரியூபாவின் அகன்ற பித்தளை வாய்க்குள் விழுந்தது. அந்த இரைச்சலுக்குள், இனி ஒருவருக்கும் கேட்காது என்ற துணிவில், என் சின்னவிரல் அடிச்சுரத்தைத் தொட்டது. பிறகு பெருவிரல். கை திரும்பவும் நடந்தது, நொண்டி நொண்டி, ஆனால் நேரத்துக்கு. 

சனம் போன பிறகு நான் பியானோவின் மூடியை இறக்கினேன். “குலம், எனக்குக் கை நிண்டு போச்சு. இனி வேறை ஆளைப் பாரும்” என்றேன்.

“நிண்டது தெரியும் ரீச்சர்” என்றார் குலம். “சனம் எழும்பினதே அந்த இடத்திலை தான். அடுத்த முறையும் அதிலையே நிப்பாட்டுங்கோ.”

“என்ன விசர்க்கதை? அடுத்த முறை கை எங்கை நிக்குமெண்டு எனக்கென்ன தெரியும்?”

ரியூபாவுக்குள் கைவிட்டு மல்லிகையை எடுத்துக்கொண்டிருந்த பாலன் திரும்பிப் பார்த்தார். “அது எங்கை நிண்டாலும் என்ரை பொறுப்பு ரீச்சர். நீங்கள் விரலை மட்டும் மடக்கிப் போடாதேங்கோ.”

இப்போது எங்கள் குழுவில் விரல் தூக்க அனுமதி உள்ள ஒரே ஆள் நான்தான். வாழ்க்கையில் நான் கேட்காமல் கிடைத்த ஒரே பதவி உயர்வு, அதையும் ஒரு காய்ச்சல் பார்த்துத் தந்தது.